குதிரைமுகப் பாவாடையும் மருதமுனைத் துணியும்

எமது தையல் வகுப்புக்கு வரும் யுவதி ஒருவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதத் தைக்க ஏலுமா?" என்று கேட்டார். படத்தில் இருந்தது சீனத்துப் பெண் ஒருவர் அணிந்திருந்த நீண்ட பாவாடை. முன்பக்கம் பலகை வைத்தாற்போல் மட்டமாக இருந்தது. இரு விலாவிலும் மடிப்புகள் அடுக்காக இறங்கின. அடியில் அகலமான சரிகைக் கரை ஓடியது. கணுக்கால் தெரியவில்லை. கல்முனைப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போனதில் எமக்கு வியப்பில்லை. உடலை ஒட்டாமலும் நீளமாகவும் உள்ள உடுப்பைத்தான் இங்கு எவரும் தேடுவர்.

வகுப்பில் இருந்த மூத்த ராத்தா ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, சாரத்தக் கிழிச்சித் தெறந்து உட்ட மாதிரி இரிக்கி" என்றார். எல்லோரும் சிரித்தோம். பின்னர் அதைப் பிரித்து ஆராய்ந்தபோது அவர் சொன்னதே சரியென்று கண்டோம். இந்தப் பாவாடை என்ன, அதன் வெட்டு எப்படி, எங்கள் ஊர்த் துணியில் அதைத் தைத்தபோது நாம் பட்டறிந்தவை எவை என்பவற்றைத் தையல் வகுப்பு நடத்துவோருக்கும் மாதர் சங்கத்தினருக்கும் பயன்படும் என்று கருதி இங்கு தருகின்றோம்.

பெயரும் அமைப்பும்

சீன மொழியில் இதன் பெயர் 'மா மியென் ச்சுன்'. மா என்றால் குதிரை, மியென் என்றால் முகம், ச்சுன் என்றால் பாவாடை. (நமது நிகண்டுகளிலும் 'மா' என்னும் சொல்லுக்குக் குதிரை என்றொரு பொருள் உண்டு. ஆயினும் அதை வைத்து உறவு கொண்டாட வேண்டியதில்லை.) குதிரையின் முகத்துக்கும் இந்தப் பாவாடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், சீனாவின் பழைய நகர மதில்களில் இடைக்கிடை வெளியே தள்ளி நிற்கும் சதுரக் காவல் மேடையைக் 'குதிரை முகம்' என்று அழைப்பார்கள் என்றும், பாவாடையின் முன்பலகை அதுபோல் இருப்பதால் இப்பெயர் வந்தது என்றும் விளக்கம் கூறப்படுகின்றது. மட்டக்களப்புக் கோட்டையின் மூலைக் கொத்தளத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

சாரம் ஒரே துணி. இரு முனையையும் மூட்டிக் குழாயாக்கினால் அது சாரம். குதிரைமுகப் பாவாடையோ இரண்டு தனித்தனித் துணிகளால் ஆனது. இரண்டும் ஒரே இடுப்புப் பட்டியில் பக்கம் பக்கமாகத் தைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துணியின் இரு ஓரங்களிலும் மடிப்பில்லாத மட்டமான பகுதி ஒன்று உண்டு, நடுவில் மடிப்புகள். ஆகவே மட்டப்பலகைகள் மொத்தம் நான்கு. பட்டியில் பூட்டும்போது முதல் துணியின் கடைசிப் பலகைமேல் இரண்டாம் துணியின் முதற்பலகை ஏறி உட்காரும். அது பின்பக்கம். அணியும்போது எஞ்சிய இரு பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்னே வந்து சேரும். பார்ப்பவர் கண்ணுக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு பலகை மாத்திரமே தெரியும். மேலே பட்டியில் தவிர வேறெங்கும் தையல் இந்தத் துணிகளை ஒன்றோடொன்று பிடித்திருக்காது. நடந்தாலும் குந்தினாலும் துணி தானாக விலகி இடம் கொடுக்கும், ஆனால் பலகைக்குப் பின்னால் பலகை இருப்பதால் கால் தெரியாது.

சேலையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். சேலையில் கொய்யகம் முன்னால் வரும், பக்கங்கள் மட்டமாக இருக்கும். இதில் மடிப்பு விலாவுக்குப் போய்விட்டது, முன்னும் பின்னும் மட்டம். அழகு வேலை செய்ய நினைக்கும் தையற்காரிக்கு அந்த முன்பலகை ஒரு வெற்றுத்தாள் போன்றது. சீனப் பெண்கள் அதில்தான் தமது பூவேலையையெல்லாம் கொட்டினார்கள்.

கடந்து வந்த காலம்

சொங் வம்சக் காலத்தில் (960 - 1279) கழுதையில் ஏறிப் பயணம் செய்வதற்கு வசதியாக, முன்னும் பின்னும் திறப்புள்ள பாவாடையைப் பெண்கள் உடுத்தார்கள் என்றும் அதிலிருந்தே இது வளர்ந்தது என்றும் உடை வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். மிங் காலத்தில் (1368 - 1644) இதன் உருவம் நிலைபெற்றது. அக்காலத்து மடிப்புகள் பெரியவை, தளர்ந்தவை. இடுப்பில் மட்டும் பிடித்துக் கீழே விடப்பட்டவை. முழங்கால் மட்டத்தில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு கரைகள் துணியோடு சேர்த்தே நெய்யப்பட்டன. சிங் காலத்தில் (1644 - 1912) மடிப்பு சிறுத்தது, எண்ணிக்கை கூடியது, பலகைகளில் பூவேலை நிறைந்தது.

அக்காலத்து வேலைகளில் ஒன்று எமது கவனத்தை ஈர்த்தது. 'மீன்செதில் பாவாடை' என்று அதற்குப் பெயர். நுண்ணிய மடிப்புகளை ஒன்றோடொன்று, ஒன்றுவிட்ட இடங்களில், கைநூலால் இடைக்கிடை முடிச்சுப் பிடித்து விடுவார்கள். நிற்கும்போது மடிப்பு இறுகிக் கிடக்கும். நடக்கும்போது விரிந்து மீன் செதில்போல் வலை வலையாகத் தெரியும். இது வெறும் அலங்காரமல்ல, மடிப்புக் குலையாமல் காக்கும் வழியும் ஆகும். இதன் அருமை எமக்குப் பின்னர்தான் தெரிய வந்தது.

இன்னொரு செய்தி: பாவாடை பட்டானாலும் இடுப்புப் பட்டியை அநேகமாகப் பருத்தியில்தான் வைத்தார்கள். பட்டு வழுக்கும், பருத்தி இடுப்பில் பிடித்து நிற்கும். வெள்ளைப் பட்டி வைப்பதற்கு, தலை நரைக்கும்வரை தம்பதிகள் சேர்ந்து வாழட்டும் என்று ஒரு விளக்கமும் சொன்னார்கள். விளக்கம் எதுவாயினும் வேலை தெரிந்தவர் யாரோதான் அதை முதலில் செய்திருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த உடை வழக்கொழிந்தது. 2003ஆம் ஆண்டு நவம்பரில் செங்சோ நகரில் மின்தொழிலாளி ஒருவர் பழைய சீன உடையை அணிந்து தெருவில் நடந்ததை ஒரு தொடக்கமாகக் குறிப்பிடுவர். இளையவர்கள் பழைய உடைகளை மீண்டும் உடுக்கும் இயக்கம் அதன்பின் பரவியது. 2022இல் பிரான்சின் டியோர் நிறுவனம் இதே அமைப்பில் ஒரு பாவாடையை 3,800 அமெரிக்க டொலருக்கு விற்பனைக்கு வைத்து, அதைத் தனது வழமையான பாணி என்று கூறியபோது, சீன மாணவர்கள் ஜூலை 23ஆம் திகதி பாரிஸ் நகரில் கடைக்கு முன்னால் நின்று எதிர்த்தார்கள். வெட்டை எடுத்தது மட்டுமல்ல, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாததே அவர்களுடைய மனத்தாங்கல். அந்தச் சர்ச்சைக்குப் பின்னர் பாவாடையின் புகழ் இன்னும் கூடியது.

நாம் தைத்த விதம்

துணிக்கு நாம் அலைய வேண்டியிருக்கவில்லை. கல்முனைக்கு வடக்கே மருதமுனை இருக்கின்றது. அங்கு நெய்யும் கைத்தறிப் பருத்திச் சேலை ஒன்றை வாங்கினோம். சேலையைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் அதன் கரை. குதிரைமுகப் பாவாடையின் கரை அடியில் சுற்றிவர ஓட வேண்டும். சேலைக் கரையோ துணியின் நீளவாக்கில் ஓடுகின்றது. ஆகவே துணியின் அகலத்தைப் பாவாடையின் உயரமாகத் திருப்பிப் பிடித்தால் கரை தானாகவே அடிக்கு வந்துவிடும். அடி மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சம்.

முதலாவது கணக்கு இடுப்பளவு. நாம் எடுத்தது 32 அங்குலம். ஒவ்வொரு பலகையும் 8 அங்குலம் என்று வைத்தோம். முன்பலகையும் பின்பலகையும் 16 அங்குலத்தை எடுத்துக்கொள்ள, இரு விலாவுக்கும் மீதி 16, அதாவது பக்கத்துக்கு 8 அங்குலம். ஓர் அங்குல மடிப்பு வெளியே தெரிய வேண்டுமானால் அதன் அடியில் இரண்டு அங்குலம் மறைந்து கிடக்க வேண்டும். ஆகவே 8 மடிப்புக்கு 24 அங்குலத் துணி. இரு ஓரப் பலகைக்கும் 16, ஓரம் மடிக்க 2. ஆக மொத்தம் ஒரு துணிக்கு 42 அங்குலம். இரண்டு துணிக்கு 84, அதாவது 2 யாரும் 12 அங்குலமும். 2 யார்ச் சாரத் துணியில் இதை வெட்டப் போனால் அந்த 12 அங்குலம் காணாது என்பதைக் கவனத்தில் கொள்ளவும். 6 யார்ச் சேலையில் இரண்டு பாவாடை வெட்டி, தலைப்போடு சேர்த்து 48 அங்குலம் மிஞ்சும். எமது வகுப்பில் அதை ஒருவர் முக்காட்டுத் துணியாக எடுத்துக்கொண்டார்.

உயரத்துக்கு 36½ அங்குலம் வைத்து, மேலே எஞ்சிய பாகத்தை மற்றக் கரையோடு கிழித்தெடுத்தோம். ஒவ்வொரு துணியிலிருந்தும் 42 அங்குல நீளத்தில் ஒரு கரைத்துண்டு கிடைத்தது. அவை இரண்டுமே கட்டும் நாடாக்களாயின. பட்டிக்கு வெள்ளைப் பருத்தி, 41 அங்குல நீளம், 7 அங்குல அகலம். இரண்டாக மடித்துத் தைத்தால் 3 அங்குலப் பட்டி வரும்.

மடிப்புகளில் நான்கு முன்பக்கமிருந்து பின்னோக்கியும் நான்கு பின்பக்கமிருந்து முன்னோக்கியும் சாயும். விலாவின் நடுவில் இரண்டும் முகம் பார்த்து நிற்கும். 3 அங்குலத்துக்கு ஒரு கோடு சுண்ணக்கட்டியால் போட்டு, மடித்து, மேல் விளிம்பில் ஓட்டுத்தையல் போட்டபின்னரே மெசினுக்குக் கொண்டு போகவும். அவசரப்பட்டு நேரே மெசினில் வைத்தவர்களுக்கு எட்டாவது மடிப்பு வரும்போது ஒரு விலா 8 அங்குலமாகவும் மறுவிலா 9 அங்குலமாகவும் இருந்தது. ஒரு மடிப்பில் நூலிழை அளவு தவறினாலும் எட்டு மடிப்பில் அது கூடிவிடும். இது சமயலறைக் கரண்டிக் கணக்கல்ல. கவனமாக அளக்க வேண்டிய வேலை.

நாம் விட்ட பெரிய பிழையையும் சொல்லிவிட வேண்டும். முதற் பாவாடையில் பின்பக்கத்து இரண்டு பலகைகளையும் பழக்கதோசத்தில் மேலிருந்து கீழ்வரை மூட்டித் தைத்துவிட்டோம். திறந்து கிடந்தால் மூட்டத்தானே கை போகும்! உடுத்துப் பார்த்த யுவதி படியேற முடியாமல் நின்றார். அந்தத் தையலைப் பிரித்தபின்தான் பாவாடை வேலை செய்தது. இரண்டாவது சிக்கல் நாடா. முன்னால் இரண்டு பலகையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது உள்முனையின் நாடாவுக்கு வெளியே வர வழியில்லை. பட்டியில் தெறிக்கண் போல ஒரு துளை போட்டு அதனூடாக எடுத்தோம். நாடாக்களைப் பின்னால் குறுக்கே கொண்டுபோய் முன் பக்கவாட்டில் முடிந்தால் இடுப்பில் நன்றாக நிற்கும்.

மூன்றாவது சிக்கல் துவைத்த அன்று வந்தது. கஞ்சிபோட்டு அயன் பண்ணி வைத்திருந்தபோது கத்திபோல் நின்ற மடிப்புகள் ஒரு துவைப்பில் கலைந்துபோயின. பொலியெஸ்ரர் நூல் சூட்டில் இளகி ஆறும்போது கொடுத்த வடிவத்திலேயே உறைந்துவிடும் இயல்புள்ளது. ஆகவேதான் கடையில் வாங்கும் மடிப்புப் பாவாடையின் மடிப்பு எத்தனை முறை துவைத்தாலும் போவதில்லை. பருத்திக்கு அந்தக் குணமில்லை, ஒவ்வொரு முறையும் அயன் வேண்டும். மின்கட்டணமும் நேரமும் உள்ளவர்களுக்குத்தான் இது சரிவரும் என்று வகுப்பில் சிலர் சொல்லத் தொடங்கினார்கள். அப்போதுதான் மீன்செதில் வேலை நினைவுக்கு வந்தது. மடிப்பின் உட்புறத்தில், இடுப்பிலிருந்து ஒரு சாண் கீழே ஒரு வரிசையும் இரண்டு சாண் கீழே இன்னொரு வரிசையுமாக, பக்கத்து மடிப்போடு ஒவ்வொரு முடிச்சுப் பிடித்தோம். துவைத்துக் காய்ந்தபின் கையால் இழுத்துவிட மடிப்பு ஏறத்தாழ இருந்த இடத்துக்கே வந்தது. அயன் போட்ட கூர்மை இல்லை, ஆனால் உடுத்துக்கொண்டு வெளியே போகலாம்.

உடுப்பதைப் பற்றி

சீனப் பெண்கள் இந்தப் பாவாடைக்கு உள்ளே காற்சட்டை அணிவது வழமையாக இருந்தது. எங்கள் பகுதிப் பெண்களுக்கும் அதுவே உகந்தது. கடற்காற்று வீசும் ஊரில் சுற்றிக்கட்டும் பாவாடையை நம்பி மட்டும் வெளியே போக ஏலாது. மேலே நீண்ட கைச்சட்டை, தலையில் முக்காடு. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கங்களில் ஒரு தலைமுறைக்கு முன்னர் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிட்டவர்களே அதிகம். இப்போது அபாயாதான் பெரும்பாலும். வெளியே போகும்போது அபாயா இருக்க, வீட்டு வைபவங்களுக்கும் பெருநாளுக்கும் இந்தப் பாவாடை பொருந்தும் என்பது வகுப்பில் தைத்தவர்களின் கருத்து. வேறொருவர் நாட்டு உடையை நாம் உடுக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. மூத்த ராத்தாவின் பதில், "சாரம் மட்டும் எங்கட ஊர்லயா பொறந்த?" என்பதாக இருந்தது. சாரம் என்ற பெயரே மலாய் மொழியிலிருந்து வந்தது. பளேகாட் சாரம் என்று நாம் சொல்வது தமிழ்நாட்டுப் பழவேற்காட்டின் பெயரால் வந்தது. உடுப்பது குற்றமல்ல, ஆனால் விற்கும்போது இது சீனத்து வெட்டு, மருதமுனைத் துணி என்று இரண்டையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று முடிவாயிற்று.

துணி யாருடையது?

இந்தப் பாவாடைகளில் பெருந்தொகை இன்று சீனாவின் ஷான்டொங் மாகாணத்திலுள்ள சாவ் என்னும் மாவட்டத்திலிருந்து வருகின்றது. ஒரு காலத்தில் வறுமைக்குப் பெயர்போன பகுதி அது. பவுலோனியா மரத்தில் சவப்பெட்டி செய்து யப்பானுக்கு அனுப்புவதும், மேடை நடனத்துக்கு உடை தைப்பதும் அங்கு தொழில். நடன உடை தைத்தவர்களே பின்னர் பழைய உடைகளுக்கு மாறினார்கள். வெளியூருக்கு வேலைக்குப் போன பலர் ஊர் திரும்பினார்கள். 2023இல் இணையம் வழியான விற்பனை ஏழு பில்லியன் யுவானைத் தாண்டியதாக அங்குள்ள நிர்வாகம் கூறியது. 2024 சீனப் புத்தாண்டில் குதிரைமுகப் பாவாடைக்கே கிராக்கி. இது பெரிய சாதனைதான். எனினும் அந்தத் துணி விசைத்தறியிலும் அச்சு இயந்திரத்திலும் வருவது, நூல் பெரும்பாலும் பொலியெஸ்ரர். அதே சீனாவில் நான்ஜிங் நகரத்து யுன்ஜின் சரிகைப்பட்டை மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக இருவர் ஒரு பெரிய தறியில் நெய்கின்றார்கள்; நாளொன்றுக்கு ஐந்தாறு சென்ரிமீற்றருக்குமேல் வராது. யுனெஸ்கோ 2009இல் அதை மனிதகுல மரபுக் கலைகளின் பிரதிநிதித்துவப் பட்டியலில் சேர்த்தது. தைப்பவருக்குப் பிழைப்பு வந்தது என்பதற்காகக் கையால் நெய்பவருக்கும் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

சீனத்துத் துணி எமக்குப் புதிதல்ல. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்துக்கு வந்த பாகியான் என்னும் துறவி, அங்கு வியாபாரி ஒருவர் காணிக்கையாக வைத்த தன் நாட்டு வெள்ளைப் பட்டு விசிறியைக் கண்டு கண்ணீர் விட்டதாக எழுதியிருக்கின்றார். சென்ற நூற்றாண்டில் ஷான்டொங்கிலிருந்தே வந்த சீனர்கள் துணிமூட்டையோடு வீடு வீடாகச் சென்று வியாபாரம் செய்தார்கள். இன்று பாடசாலைச் சீருடைத் துணி சீன அரசின் நன்கொடையாக வருகின்றது. 2023இல் நாட்டின் தேவையில் நூற்றுக்கு 70 வீதம், 2024இல் 80 வீதம், 2025இல் முழுவதும். பொருளாதார நெருக்கடியில் பிள்ளைகளுக்கு அது பேருதவி. எமது வகுப்புப் பெண்களில் பலர் அந்தத் துணியைத் தைத்தே தையற்கூலி சம்பாதிக்கின்றார்கள். அதை நாம் குறைசொல்ல வரவில்லை.

ஆனால் மருதமுனைத் தறி வேறு கதை. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது மலிவுத் துணி வந்து குவிந்து கைத்தறி தளர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையின் கடலோரத்தில் வீடுகளோடு தறிகளும் போயின. தறி மீண்டும் வந்த வீடுகளிலும் பிள்ளைகள் அதில் உட்கார விரும்புவதில்லை.

தைத்து முடித்த பாவாடையை நாம் சேலை வாங்கிய நெசவாளரிடமே கொண்டுபோய்க் காட்டினோம். அறுபது வயதைத் தாண்டியவர். பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழித்தெடுத்த மேற்கரையை என்ன செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். நாடாவைக் காட்டியதும் சிரித்தார். பிறகு, "இதுக்கெண்டே நெஞ்சா ஒருபக்கம் மட்டும் பெரிய கரை போதும், மத்தப் பக்கம் சின்னக் கோடு. அகலத்தயும் கொறைக்கலாம். சாய நூலும் மிச்சம்" என்றார். எமக்கு மகிழ்ச்சி. அப்படியானால் நான்கு பாவாடைக்கு நெய்து தாருங்கள் என்றோம்.

அவர் தலையாட்டவில்லை. பாவு ஓடித் தறியில் ஏற்றிவிட்டால் அந்தப் பாவு முடியும்வரை அதே கரைதான் வரும், இடையில் மாற்ற முடியாது. நான்கு பாவாடைக்கென்று தனிப் பாவு போட்டால் பாவோடும் கூலிக்கே காணாது. முழுப் பாவும் நெய்து, அது விலைப்படாவிட்டால் ஒற்றைக் கரைத் துணியைச் சேலையென்றும் விற்க ஏலாது. "முழுப் பாவுக்கும் நீங்க பொறுப்பா தங்கச்சி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் பதிலில்லை. வகுப்பில் பேசியபின், பதினொரு பேர் தலைக்கு ஒரு பாவாடைத் துணிக்கு முற்பணம் கட்டச் சம்மதித்திருக்கின்றார்கள். சாய்ந்தமருதில் தைக்கும் இன்னொரு குழுவையும் கேட்டிருக்கின்றோம். ஒரு பாவுக்குத் தேவையான தொகை சேர்ந்ததும் கரைக்கு என்ன நிறம் என்று தீர்மானிக்க வேண்டும். இளையவர்கள் கறுப்பில் பொன்மஞ்சள் கேட்கின்றார்கள். மூத்த ராத்தா பச்சை என்கின்றார்.